நீருக்குள்ளே ஒரு நெய்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'நெய்தல் திணையும் இன்றைய கவிதையும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. செவ்வாப்பேட்டையில் இருந்துகொண்டு நெய்தலைப் பற்றிப் பேசுவது சற்று வேடிக்கைதான். நம்மைச் சுற்றி இருப்பவை ஏரியும், வயலும், வயலைத் தின்று வளரும் மனைப்பிரிவுகளும். வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. கடலென்று நாம் அறிந்தது மெரினா. அதையும் விட்டால் பழவேற்காடு. ஆனாலும் இப்பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் படிக்கப்பட்ட கவிதைகளில் கடல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். காதலின் ஆழத்துக்குக் கடல், துயரின் அளவுக்குக் கடல், காலத்துக்கும் மரணத்துக்கும் கடல். இவ்வளவு கடலையும் நாம் எங்கிருந்து கண்டோம் என்பதே இன்று நான் எழுப்ப விரும்பும் வினா.

கரையிலிருந்து பார்த்த கடல்

சங்க இலக்கியத்தின் நெய்தற் பாடல்களை ஆழ்ந்து கற்றோர் ஓர் உண்மையை உணர்ந்திருப்பர். அம்மூவனாரும் உலோச்சனாரும் கடலைத் தம் உள்ளங்கைபோல் அறிந்த புலவர்கள். நண்டு மணலில் நடக்கும் விதம், புன்னை உதிரும் பொழுது, மீன் உணக்கும் இடத்தில் புள் ஓப்பும் பெண், உப்பு வண்டி செல்லும் வழி, இவற்றையெல்லாம் அவர்கள் கண்ட நுட்பம் பிற்காலத்தவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் அவர்களுடைய கருப்பொருள்களை அடுக்கிப் பாருங்கள். தாழை, ஞாழல், புன்னை, அன்றில், நாரை, கானல், கழி, உப்பு. கடலுக்குள்ளிருந்து வருபவை சுறாவும் இறாவும் முத்தும் சங்கும். அவையும் வலையில் ஏறிக் கரைக்கு வந்தபின்னரே பாட்டுக்குள் நுழைகின்றன. உரிப்பொருளோ இரங்கல். கடலுக்குச் சென்றவனை எண்ணிக் கரையில் நிற்பவளின் இரங்கல் அது. பெண்கள் கடலாடுகிறார்கள், அலையில் விளையாடுகிறார்கள்; தொழிலுக்காக நீருக்குள் இறங்குவது ஆணின் செயலாகவே உள்ளது.

இது குறையன்று. புலவர் நின்ற இடம் கரை. நின்ற இடத்திலிருந்து அவர் பொய்யின்றிப் பாடினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் நாம் அதே இடத்தில் நிற்கிறோம் என்பதுதான் எண்ணிப்பார்க்க வேண்டியது. உரைநடை சற்று முன்னேறியிருக்கிறது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', தோப்பில் முகம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' ஆகியவை கடலோர வாழ்வை உள்ளிருந்து காட்டின. கவிதை மட்டும் இன்னும் மணலில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிறது.

இந்த எண்ணத்தின் விளைவாகவே கடந்த பிப்ரவரியில் வட்டத்தின் உறுப்பினர் ஒன்பதுபேர் ஒரு வாரக்கடைசியில் இராமேசுவரம் தீவுக்குச் சென்று, கூடாரமடித்துத் தங்கி, கடலுக்குள் முகம் பதித்துப் பார்த்து வந்தோம். அதனைப் பயணக் கட்டுரையாக விரிக்கப் போவதில்லை. கவிஞர்களுக்குப் பயன்படும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஏன் அந்தத் தீவு?

பழவேற்காடு பக்கத்தில் இருக்க, அத்தனை தொலைவு எதற்கு என்று சிலர் கேட்டனர். பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆரணியாறும் காளாங்கியும் கொண்டுவரும் வண்டல் அதில் கலக்கிறது. இறாலுக்கும் பூநாரைக்கும் அந்தக் கலங்கல்தான் வாழ்வு. மனிதக் கண்ணுக்கு அதில் வேலையில்லை. தெளிந்த, ஆழமற்ற, வெதுவெதுப்பான நீர் வேண்டுமானால் தமிழகத்தில் மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையுமே நாடவேண்டும். பவளப்பாறைகள் அங்கே வளர்வதற்கும் அந்தத் தெளிவே காரணம்.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகள் இருந்தன. 1986இல் அவற்றைச் சுற்றியுள்ள கடற்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அத்தீவுகளின் பெயர்களைக் கேளுங்கள்: குருசடை, பூமரிச்சான், புள்ளிவாசல், மனோலி, முயல் தீவு, தலையாரி, வாழை, அப்பா, ஆனைப்பார், நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காரியசல்லி, விலாங்குசல்லி, வான் தீவு. எந்தக் கவிஞரும் இட்ட பெயர்களல்ல. குடிநீர் கிடைத்த தீவு நல்லதண்ணி. கிடைக்காத தீவு உப்புத்தண்ணி. தாகத்தோடு படகை ஒதுக்கியவன் வைத்த பெயர்கள் இவை.

'இருந்தன' என்று இறந்தகாலத்தில் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்கடியில் உள்ளன. சுண்ணாம்புக்காகவும் கார்பைடு தயாரிப்புக்காகவும் தூத்துக்குடிப் பகுதியில் பல்லாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தனர். அலையைத் தடுத்து நின்ற பாறை போனபின், பின்னால் இருந்த மணல் தீவு கரைந்தது. 2001இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் சேர்க்கப்பட்டன. கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்கக் கடலுக்குள் கான்கிரீட் தடுப்புகளை இறக்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலைகளின் அருகில் வாழும் நமக்கு இந்தக் கதை அந்நியமன்று. ஏரிக்கரை மண் போனபின் ஏரி என்னவாகும் என்பதை நாம் கண்டிருக்கிறோம்.

பாதுகாக்கப்பட்ட அத்தீவுகளில் கூடாரமடித்துத் தங்க முடியாது, அது சரியே. குருசடைக்கு வனத்துறையின் படகில் சென்று திரும்பலாம். எனவே நாங்கள் மக்கள் வாழும் இராமேசுவரம் தீவிலேயே, வடகரையோரம் ஒரு தென்னந்தோப்பில், தோப்பின் உரிமையாளரிடம் இசைவு பெற்றுக் கூடாரமடித்தோம். வெள்ளி மாலை செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் புறநகர் வண்டி ஏறி, இரவு வண்டி பிடித்து, மறுநாள் பாம்பன் பாலத்தைக் கடந்தோம். 1914ஆம் ஆண்டுப் பாலம் ஓய்ந்து நிற்க, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின்மேல் வண்டி சென்றது.

அத்தீவினர் தங்கள் இருபுறக் கடல்களையும் ஒன்றாகக் கருதுவதில்லை. தெற்கிலுள்ள மன்னார் வளைகுடா ஆண்கடல். வடக்கிலுள்ள பாக் நீரிணை பெண்கடல். தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் தென்கடல் சீறும்; வடகிழக்குக் காற்று வந்தால் அமைதியானதென்று பெயர் பெற்ற வடகடலும் கொந்தளிக்கும். கடல் என்ற ஒரே சொல்லால் நாம் எத்தனையை மூடிவிடுகிறோம் என்பதற்கு இது முதற்பாடம்.

கண்ணாடியும் குழலும்

ஸ்நார்க்கெலிங் என்று வழங்கும் இந்நீச்சலுக்குத் தேவையானவை மிகக் குறைவு. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி, வாயில் கவ்வும் வளைந்த குழல், பழக்கமில்லாதோர்க்கு மிதவைச் சட்டை, உடன்வர ஊர் அறிந்த வழிகாட்டி. நீர்மூழ்கிக் கப்பல் காற்றிழுக்கும் குழாய்க்கு ஜெர்மானியர் இட்ட பெயரே இக்கருவிக்கும் வந்தது. ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை. குப்புற மிதந்தபடி கீழே பார்க்க வேண்டியதுதான்.

நம் கண் காற்றில் காண்பதற்கென அமைந்தது. நீர் நேரே விழியைத் தொட்டால் ஒளி வேண்டிய அளவு வளைவதில்லை, எல்லாம் மங்கிவிடும். கண்ணாடிக்குள் சிறைப்பட்ட சிறிதளவு காற்றுதான் கடலைக் காட்டுகிறது. அப்போதும் ஒரு மாயம் நிகழ்கிறது. நான்கு அடி தொலைவில் உள்ளது மூன்று அடியில் இருப்பதாகவும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரியதாகவும் தோன்றும். கை நீட்டினால் எட்டாது. முதன்முறை இறங்கியவர் திரும்பி வந்து சொல்லும் மீனின் அளவை அப்படியே நம்பக்கூடாது என்று எங்கள் வழிகாட்டி சிரித்தார். உவமைகளைக் கையாளும் நமக்கும் அந்தச் சிரிப்பில் பங்குண்டு.

எங்களுள் முதலில் பழகிக்கொண்டவர் கும்மிடிப்பூண்டியில் உருக்காலை ஒன்றில் பணிபுரியும் கவிஞர். நாள்தோறும் கண்ணாடியும் முகமூடியும் அணிந்து எட்டு மணிநேரம் உழைப்பவருக்கு இது புதிதாக இல்லை. "அங்கே கண்ணைக் காப்பாத்தப் போடுறேன் அம்மா, இங்கே கண்ணைத் திறக்கப் போட்டிருக்கேன்" என்றார் அவர்.

அடுத்தது ஓசை. கடலின் குரல் அலையோசை என்றே நாம் எழுதி வந்தோம். காது நீருக்குள் போனதும் அலை மறைந்து, வாணலியில் கடலை வெடிப்பது போன்ற இடையறாத பொரியோசை எழுந்தது. கல்லிடுக்குகளில் வாழும் சிறு இறால்கள் கொடுக்கை விரைந்து மூடுவதால் எழும் ஒலி அது. நீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் விரைந்து செல்வதால் எத்திசையிலிருந்து வருகிறதென்று செவிக்குத் தெரிவதில்லை. எல்லாப் பக்கமும் அது.

கிளிமீன் கல்லைக் கடிக்கும் ஒலியையும் கேட்டோம். கல்லோடு கடித்துப் பாசியைத் தின்று, கல்லைப் பொடியாக்கிக் கழிக்கிறது அம்மீன். பவளத்தீவுகளின் வெண்மணலில் ஒரு பங்கு இவ்வாறு உண்டானதே. ஓரா, கிளாத்தி, பேத்தை, கலவா என்று வழிகாட்டி பெயர் சொல்லச் சொல்ல, இதுவரை மீன்காரம்மாவின் கூடையில் மட்டுமே அறிந்த பெயர்கள் நிறமும் நடையும் பெற்றன.

பவளம் எது?

தமிழாசிரியர் என்ற முறையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது பவளம். செவ்விதழுக்குப் பவளத்தை உவமை சொல்லாத கவிஞர் நம்மில் யார்? ஆனால் நீருக்குள் நான் கண்ட பவளப்பாறை சிவப்பாக இல்லை. பழுப்பு, மங்கிய பச்சை, சந்தன நிறம். மூளைபோல் மடிந்தது ஒன்று, மான்கொம்பு போல் கிளைத்தது ஒன்று. மன்னார் வளைகுடாவில் இத்தகைய கற்பவளங்களில் 117 வகைகள் கண்டறியப்பட்டுள்ளன.

அணிகலனாகும் செம்பவளம் வேறு இனம். மத்தியதரைக் கடலில் ஒளி குறைந்த ஆழங்களில் வளர்வது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க வணிகக் கையேடு, முசிறிக்கு வந்திறங்கிய பொருள்களின் பட்டியலில் பவளத்தையும் வைக்கிறது. பட்டினப்பாலையோ துகிரைக் கீழ்க்கடலோடு சேர்த்துச் சொல்கிறது. எத்திசைக் கடலிலிருந்து வந்தாலும் அது கப்பலில் வந்த செல்வம். நம் பாக் நீரிணையின் கரையோரத்தில் இடுப்பளவு நீரில் உயிரோடு இருப்பதை நம் கவிதை பவளம் என்று பாடவேயில்லை. மீனவர் அதனைப் பார் என்கின்றனர்; உடைந்து குவிந்ததைச் சல்லி என்கின்றனர். முத்து விளைந்த இடமும் பார்தான். பவளப்பாறை என்பது பாடநூல் தந்த சொல்.

அந்தக் கல்லுக்குள் உயிர் உள்ளது. ஊசிமுனையளவு குழிகளில் மென்னுடல் உயிரிகள். அவற்றின் உடலுக்குள் நுண்பாசி. பாசி ஒளியை உணவாக்கித் தருகிறது. நிறமும் அதன் கொடைதான். நீரின் வெப்பம் அளவுக்கு மீறி வாரக்கணக்கில் நீடித்தால் இந்த உறவு முறிகிறது. பாசி வெளியேற, கல் வெள்ளை வெளேரென்று ஆகிறது. வெளிறிய கல் இறந்துவிட்டதன்று, பட்டினி கிடக்கிறது. வெப்பம் தணிந்தால் மீளவும் கூடும், தணியாவிட்டால் மடியும். 1998இலும் 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடா பெருமளவில் வெளிறியது. உலகளாவிய நான்காம் வெளிறல் நிகழ்வதாக 2024 ஏப்ரலில் அறிவியலாளர் அறிவித்தனர். நீருக்குள் அத்தகைய ஒரு வெண்திட்டை எங்கள் கவிஞர் ஒருவர் அழகு என்று வியந்தார். "அது செத்துக்கிட்டிருக்கு அண்ணே" என்றார் வழிகாட்டி. வெண்மையைத் தூய்மைக்கு மட்டுமே அடையாளமாக்கிய நம் சொற்களை அன்றிரவு கூடாரத்தருகே அமர்ந்து நெடுநேரம் விவாதித்தோம்.

தலைவி நீருக்குள் இறங்கிவிட்டாள்

இனி என் உரையின் மையத்துக்கு வருகிறேன்.

நாங்கள் பார்ப்பதற்காக அணிந்த கண்ணாடியை, உழைப்பதற்காக அணியும் பெண்கள் அங்கே தலைமுறைகளாக இருக்கின்றனர். பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்களில் கடற்பாசி எடுக்கும் பெண்கள். சேலைக்குமேல் சட்டை அணிந்து, கல் கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்புடன், மூச்சை அடக்கி மூழ்கிப் பாசியைப் பறித்து இடுப்புப் பையில் சேர்க்கிறார்கள். குழலோ மிதவையோ அவர்களுக்கு இல்லை. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பாசிக்கு இட்ட பெயர்கள் உள்ளன. நோன்புக் காலத்தில் நம் இசுலாமிய நண்பர்கள் வீட்டில் பாலுடன் காய்ச்சி ஆறவைத்துத் துண்டுபோட்டுத் தரும் கடற்பாசி இத்தகைய பாசிகளிலிருந்தே செய்யப்படுகிறது. மருந்திலும் ஆய்வுக்கூடத்திலும் அது பயன்படுகிறது.

முத்துக்குளித்தல் ஆணின் தொழில். கல்லைக் கட்டி மூழ்குபவனின் கயிற்றை அவன் மைத்துனனே பிடிப்பான், தன் உடன்பிறந்தாளின் தாலி அவன் கையில் என்பதால், என்பது அக்கரையின் வழக்காறு. இந்தியக் கரையில் அத்தொழில் 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. பாசி எடுக்கும் பெண்களுக்குக் கயிறு பிடிப்பார் யாருமில்லை. தோழி ஒருத்தி அருகில் இருப்பாள், அவ்வளவே.

சங்கத் தலைவி கரையில் காத்திருந்தாள். இவர்கள் வீட்டில் காத்திருப்பவர் குழந்தையாகவும் கணவராகவும் இருக்கக் கூடும். இரங்கல் என்னும் உரிப்பொருள் திசை மாறிவிட்டது. இந்த மாற்றத்தை எழுத நம் கவிதை இன்னும் ஒரு சொல்லும் தேடவில்லை.

கரையில் பாசி உலர்த்திக்கொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவருடன் பேசினோம். உள்ளே எவ்வளவு அழகு என்று எங்களில் ஒருவர் சொல்லத் தொடங்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க பாக்குறதுக்கு எறங்குறீங்கம்மா. நாங்க எறங்குனா பாக்க நேரமிருக்காது. கலங்கல்ல கைதான் கண்ணு" என்றார். பின்னர் தம் கையை விரித்துக் காட்டினார். விரல்நுனிகளில் ஆண்டுக்கணக்கான கீறல்கள்.

இங்கே ஒரு முரண் உண்டு; அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தேசியப் பூங்கா வந்தபின் அத்தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பது கட்டுப்பாடுகளுக்கு உள்ளாயிற்று. பாட்டியும் தாயும் இறங்கிய நீரில் தாம் இறங்கினால் பிடிபடுவோமோ என்ற அச்சத்துடன் அவர்கள் தொழில் செய்ய நேர்ந்தது. பார்கள் காக்கப்பட வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் காப்பதை அறிந்தவர் யார்? மாதத்தில் எத்தனை நாள் எடுப்பது, எந்நாளில் நிறுத்துவது, வேரோடு பிடுங்காமல் எப்படிப் பறிப்பது என்று தமக்குத் தாமே வரையறை செய்துகொண்டவர்கள் இப்பெண்கள். அவர்களின் தலைவியரில் ஒருவரான சின்னப்பாலம் இலட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவில் சீகாலஜி விருது வழங்கப்பட்டது. இரண்டு நாள் வேடிக்கை பார்க்கச் செல்லும் நம்மைப் போன்றோர்க்குக் கடல் எளிதாகத் திறக்க, அதில் பிழைப்போர்க்கு அது குறுகுமானால், அந்த நியாயத்தைக் கேட்கும் கடமை எழுதுவோர்க்கு உண்டு.

வட்டத்துக்கு என் விண்ணப்பம்

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, சொல் தொகுப்பு. பார், சல்லி, கொண்டல், கச்சான், சோழகம், ஆவுளியா என்று கடல்மக்கள் வாயில் வழங்கும் சொற்கள் ஏராளம். ஆவுளியா என்பது கடற்பசு. அதற்கெனப் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2022இல் காப்பகம் அமைத்துள்ளது தமிழக அரசு. விலங்குக்குக் காப்பகம் அமைந்தது. அதன் பெயருக்கும் ஒன்று வேண்டாமா? பழவேற்காட்டிலிருந்து தொடங்கலாம், ஞாயிறுகளில் போய்வரும் தொலைவுதான். கலங்கல் நீரில் நம் கண்ணுக்கு வேலையில்லை என்றேன். காதுக்கு நிறைய வேலை இருக்கிறது.

இரண்டு, செல்வோர் ஒழுங்கோடு செல்லுங்கள். கல்லின்மேல் கால் ஊன்றாதீர்கள்; விரலளவு கிளை வளரப் பல்லாண்டு ஆகியிருக்கும். நினைவுக்காக ஒரு துண்டும் எடுத்து வராதீர்கள். அது சட்டப்படியும் குற்றம். நீச்சல் தெரிந்தவரும் துணையின்றி இறங்கலாகாது. கூடாரமடித்த இடத்தில் நாம் தங்கிய தடயம் சாம்பலாகக்கூட இருக்க வேண்டியதில்லை.

மூன்று, கவிதைக்குரியது. ஒன்பதுபேரும் திரும்பி வந்தபின் முதல் மாதக் கூட்டத்தில் ஒருவரும் கடல் கவிதை படிக்கவில்லை. அமைப்பாளர் வருந்தினார், நான் மகிழ்ந்தேன். பழைய உவமைகள் கைக்கு வராத நிலை அது. மூன்றாம் மாதத்தில் உருக்காலைக் கவிஞர் பன்னிரண்டு வரிகள் படித்தார். அதில் கடல் என்ற சொல்லே இல்லை. துணி சுற்றிய விரல்கள் இருந்தன, மூச்சு முட்டும் நொடி இருந்தது, அவருடைய ஆலையின் உலையும் இருந்தது. அந்தக் கவிதையை இம்மலரில் சேர்க்க அவர் இசையவில்லை. இன்னும் திருத்த வேண்டுமாம். அடுத்த ஆண்டு அவரிடமிருந்து அதனைக் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.